உட்கார்ந்த கோழி

கறிக்கடையில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் கூண்டுக்குள் கை விடுகிற எவனும் முதல் நாளே கற்றுக்கொள்கிற சட்டம். நிற்கிற கோழி நிற்கட்டும், உட்கார்ந்த கோழியை முதலில் எடு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தீனியைத் திரும்பியும் பார்க்காமல் மூலையில் குந்தியிருக்கிற கோழி மதியத்துக்குள் செத்துவிடும். செத்தால் குப்பைத்தொட்டிக்கு, அதற்கு முன்னால் எடுத்தால் தராசுக்கு. இருபத்தெட்டு வருடமாக இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறாதவன் கத்திக்காரன்.

தெருவில் அவனுக்கு அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. மார்க்கெட்டின் பின்வரிசையில், மீன்கடைகளுக்கும் சாக்கடைக்கும் நடுவில் உள்ள கடை. முதலாளி தராசோடு சரி. அறுப்பது, வெந்நீரில் முக்குவது, உரிப்பது, வெட்டுவது எல்லாம் இவன். ஒரு நாளைக்கு எண்பது கோழி, ஞாயிற்றுக்கிழமை என்றால் இருநூறு. இந்த வேலையில் அவனுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது ஈரல் பார்ப்பதுதான். வயிற்றைப் பிளந்து ஈரலை உள்ளங்கையில் ஏந்தினால் போதும், அந்தக் கோழிக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்று சொல்லிவிடுவான். ஓரம் கூர்மையாக, கருஞ்சிவப்பாக இருந்தால் நல்ல கோழி. மஞ்சளித்தால் கொழுப்பு. வெள்ளைப் பொட்டு விழுந்திருந்தால் சீக்கு. முதலாளி கூட அவனிடம் கேட்டுத்தான் தூக்கிப் போடுவார்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி கோழி வளர்க்கிறவள். வளர்ப்பது என்றால் சும்மா இல்லை, அடை வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு கைராசி. பதினொரு முட்டை வைத்தால் ஒன்பது குஞ்சுக்குக் குறையாது. தெருவில் பாதி வீட்டுக் கோழிகள் அவள் கட்டிலுக்கு அடியில் பிறந்தவை. ‘வரவு அவ கையில, செலவு இவன் கையில’ என்று தெருவே சொல்லிச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீடு. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஊர் வாய் ஓய்ந்து பல வருடமாகிறது.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே ஒரு ஒப்பந்தம். வீட்டுக் கோழிமேல் அவன் கை படக்கூடாது. விருந்தாளி வந்தால் கறி கடையிலிருந்து வரும். வீட்டுக் கோழி வயசாகிச் சாகும், இல்லாவிட்டால் பூனை கொண்டுபோகும். இருபத்தெட்டு வருடமாக இந்தச் சட்டத்தையும் அவன் மீறியதில்லை. தீனி கூட அவன் போட்டதில்லை. விடியுமுன் போய் இருட்டி வருகிறவனுக்கு அந்தக் கோழிகள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. முகம் தெரியும், அவ்வளவுதான்.

அந்த முறை அடையில் உட்கார்ந்தது புள்ளிக்காரி. சாம்பல் நிறம், உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி. கட்டிலுக்கு அடியில் பழைய அலுமினியப் பேசின், அதில் மணல், அதன்மேல் வைக்கோல், பதினொரு முட்டை. ஒவ்வொரு முட்டையிலும் அவள் கரித்துண்டால் ஒரு கோடு போட்டிருந்தாள், பிறகு வேறு கோழி வந்து அதில் முட்டையிட்டுக் கணக்கைக் குழப்பக்கூடாது என்று. ஏழாம் நாள் சாயங்காலம் அட்டைக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, விளக்குக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு கூமுட்டை. எடுத்து வைத்துவிட்டாள். ஒன்பதாவது முட்டையைப் பார்க்கும்போது அவனைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்களேன். துடிக்குது."

குழாய்க்குள் கண்ணை வைத்தான். சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு, அது நகர்ந்தது. ஆயிரம் ஆயிரமாகக் கோழி வயிற்றைப் பிளந்தவன் இதைப் பார்த்ததே இல்லை. சட்டென்று முட்டையை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏனென்று அவனுக்கே தெரியவில்லை, கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவள் வயிறு அப்போதே வீங்கியிருந்தது. மூன்று மாதமாகக் கால் வீக்கம், பிறகு வயிறு, பிறகு கண்ணில் மஞ்சள். மறுநாள் மூச்சுவிட முடியாமல் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வண்டியில் ஏறும்போது அவள் சொன்னது ஒன்றுதான். இருபத்தோராம் நாள் பொரிக்கும், அதற்குள் வந்துவிடுவேன். தண்ணியும் தீனியும் பக்கத்தில் வைத்தால் போதும், தொடவேண்டாம்.

டாக்டர் அவனைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஈரல் சுருங்கிவிட்டது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, எடுக்க எடுக்க ஊறும், நாள் கணக்கெல்லாம் சொல்வதற்கில்லை. அவன் தலையாட்டினான். தினம் எண்பது ஈரலைக் கையில் வாங்கிப் பார்க்கிறவன். இந்த ஒன்றைப் பார்க்க வழியில்லையே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை. பொரிக்கிற நாளுக்குள் வந்துவிடுவேன் என்று அவள் சொன்னாளே, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். முட்டை பொரிக்கவேண்டும், அவள் வரவேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று அவன் மனசு முடிச்சுப் போட்டுவிட்டது.

நாலு நாள் அப்படியே போயிற்று. விடியுமுன் கடை, நாலு மணிக்கு ஆஸ்பத்திரி, எட்டு மணிக்கு வீடு. பூனைக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு போவான். தீனிக் கிண்ணத்தைக் குனிந்து பார்ப்பான். வைத்தது வைத்தபடி இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டமில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். வெளிச்சத்தில் புள்ளிக்காரியைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தான். கொண்டை வெளுத்திருந்தது. இறகெல்லாம் சிலிர்த்து, கண் பாதி மூடி, கொர்ர் கொர்ர் என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம். தூக்கினான். எடையே இல்லை. உடம்பு காய்ச்சல் கண்டதுபோலக் கொதித்தது. நெஞ்சைத் திருப்பிப் பார்த்தால் ஒரு இறகில்லை, செக்கச்செவேலென்று வெறும் தோல். கீழே விட்டதும் ஒரு கைப்பிடி அளவுக்கு எச்சம் போட்டது, வீடே நாறியது. போட்ட இடத்திலேயே இறகை விரித்துக் குந்திக்கொண்டது.

உட்கார்ந்துவிட்டது. இங்கேதான் அவன் புத்தி கடைக்குப் போய்விட்டது. ஒரு நிமிஷம் நின்று யாரையாவது கேட்டிருக்கலாம். தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். கேட்கத் தோன்றவில்லை. இருபத்தெட்டு வருடம் கோழியோடு இருந்தவனுக்குக் கோழியைப் பற்றி என்ன சந்தேகம் வரும்? சீக்கு வந்துவிட்டது, விட்டால் முட்டைமேலேயே செத்துக் கிடக்கும், நோயோடு வீடு கிடந்தால் அவள் திரும்பி வந்து எங்கே படுப்பாள், இதுதான் ஓடியது. வேறு அடைக்கோழி ஒன்று பிடித்து முட்டைமேல் வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் கொண்டுபோனான். அவன் கைக்கு அது அரை நிமிஷ வேலை.

புதைக்கத்தான் நினைத்தான். ஆனால் பழக்கதோஷம், வயிற்றைப் பிளந்து பார்த்தான். ஈரல் கருஞ்சிவப்பாக, கூர்மையாக, ஒரு பொட்டு இல்லாமல் இருந்தது. இதைவிட நல்ல ஈரலை அந்த வருஷம் அவன் பார்த்ததில்லை. ஈரலுக்கு நோய் போவதற்குள் அறுத்துவிட்டோம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நர்ஸ் வேறு, உப்பில்லாமல் கொஞ்சம் கோழிச்சாறு கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள். நல்ல கறியை மண்ணில் போடுவானேன். இறகைப் பிடுங்கி, தோலோடு வெட்டி, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு உப்பில்லாமல் கொதிக்க வைத்தான். நெஞ்சுக்கறியை அவளுக்கென்று எடுத்துத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அவளைச் சாய்த்து உட்காரவைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். கரண்டியில் வந்த கறித்துண்டை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலால் தோலைத் தடவினாள்.

"கோழி எங்க வாங்கினீங்க?"

"நம்ம கடையிலதான். நாட்டுக்கோழி ஒண்ணு வந்திருந்துச்சு."

இரண்டு வாய்க்குமேல் எதுவும் இறங்காத மனுஷி அன்றைக்குக் கிண்ணத்தைக் காலி செய்தாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"புள்ளிக்காரியைப் பத்தி ஒண்ணு சொல்ல மறந்துட்டேங்க. இந்நேரம் அவ பொணம் மாதிரி கிடப்பா. உடம்பு கொதிக்கும், கொண்டை வெளுத்துடும். நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருப்பா, முட்டைக்குச் சூடு நேரா படணும்ல. பார்த்துப் பயந்துடாதீங்க. தினம் ஒரு தரம் தூக்கி வெளியே விட்டாப் போதும், தின்னுட்டு, நாறடிச்சுட்டு, தானா வந்து உட்கார்ந்துக்குவா."

அவன் கையில் வெறும் கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. இதை ஏண்டி முன்னாடியே சொல்லவில்லை என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே மேலும் சொன்னாள். ஒருவேளை கோழி முட்டையை விட்டு இறங்கிவிட்டால் முட்டை கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்படி ஏதாவது ஆனால் ரயில்வே கேட்காரர் வீட்டு அக்காவிடம் ஒரு கோழி மூன்று நாளாக வெறும் கூடையில் அடை கிடக்கிறது, நேற்றுப் பார்க்க வந்தபோது சொன்னாள். சொல்லி முடித்து, பஸ் கூட்டமாகிவிடும், நீங்கள் இப்போதே கிளம்புங்கள் என்று அவனை விரட்டினாள். நேரம் ஐந்துகூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து பேசினுக்குள் கை விட்டான். ஒன்பது முட்டையும் தரையைப் போலக் குளிர்ந்து கிடந்தன. துண்டில் சுற்றிச் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு நடந்தான். ஓடினால் உடையும், நின்றால் ஆறும். அவன் பட்ட பாட்டை வழியில் பார்த்தவர்கள், கத்திக்காரனுக்கு வயிற்று வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கேட்காரர் மனைவி பேச்சுக்குப் பேர்போனவள். நடந்ததை ஒளிக்காமல் அவன் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

"கோழியை நீ எடுத்துட்டுப் போறேன்னு மட்டும் கேக்காத தம்பி. உன் கையில குடுக்கமாட்டேன். முட்டையை வேணா இங்க வெச்சுட்டுப் போ."

அவனும் கேட்கவில்லை. அவள் முட்டையை ஒவ்வொன்றாகக் கோழியின் இறகுக்கு அடியில் தள்ளினாள். அந்தச் செம்பட்டைக் கோழி இரண்டு தரம் கொத்திவிட்டு, பிறகு அலகாலேயே முட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. எத்தனை பிழைக்கும் என்று கேட்டான். தெரியாது என்றாள். தாமதமாகத்தான் பொரிக்கும் என்றாள்.

அன்றிலிருந்து தினமும் கடையிலிருந்து ரயில்வே கேட்டுக்கு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. வார்டில் அவளுடைய முதல் கேள்வியே புள்ளிக்காரிதான். இன்றைக்கு இறங்கித் தின்றாளா? எவ்வளவு நேரம் வெளியில் இருந்தாள்? மண்ணில் புரண்டாளா? முட்டையைப் புரட்டிப் போடுகிறாளா? பொய் சொல்லத் தெரியாதவன், செம்பட்டைக் கோழி செய்ததையெல்லாம் செத்துப்போன புள்ளிக்காரியின் பேரில் ஒப்பித்தான். வெளிச்சத்தில் பார்த்ததில் முட்டைக்குள் அசைகிறது என்று கேட்காரர் மனைவி சொன்னதைச் சொன்ன நாளில் மட்டும் அவள் முகம் மலர்ந்தது. மற்ற நாளெல்லாம் மஞ்சள் கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதினெட்டாம் நாள் முதல் அவளுக்கு நினைவு விட்டு விட்டு வந்தது. சில நேரம் அவனை யாரென்றே தெரியவில்லை. நினைவு வந்தால் நாளைக் கேட்பாள்.

இருபத்தோராம் நாள் காலையில் நர்ஸ் கடைக்குப் போன் செய்து, பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்றாள். யாரை வரச்சொல்வது? கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அவன் ரயில்வே கேட்டுக்குப் போனான். ஒரு முட்டையும் விரிசல் விடவில்லை. ஆனால் கேட்காரர் மனைவி ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். உள்ளே கீச் என்றது. நடுவில் நின்று நின்று, மெல்லிசாக.

அதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். அவள் பிடிவாதமாக மறுத்தாள். இந்த நேரத்தில் எடுக்கவே கூடாது, உள்ளே இருப்பது கத்தும், மேலே இருப்பது பதில் சொல்லும், அந்தப் பேச்சில்தான் குஞ்சு ஓட்டை உடைக்கும், சூடு விட்டுப்போனால் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாம் எடுத்துச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. அவளுக்கும் கடைசியில் மறுக்க மனசு வரவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மனைவிக்கு நினைவு தெளிவாக இருந்தது. முட்டையை அவள் காதோடு வைத்துப் பிடித்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. அவள் முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்தது.

"புள்ளிக்காரிக்கிட்ட கொண்டுபோய் வெச்சுடுறேன்," என்றான், "அவ தேடுவா."

"போதும் விடுங்க," என்றாள் அவள். "கேட்காரக்கா வீட்டுலதானே இருக்கு எல்லாம்?"

அவன் முட்டையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நெஞ்சுத் தோலுல புதுசா இறகு பிடுங்கின குழி ஒண்ணுகூட இல்ல. தடிச்சு, வழவழன்னு இருந்துச்சு. அடைக்கோழி நெஞ்சு அப்படித்தான் இருக்கும். எத்தனை தரம் தடவியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா குடிச்சே?"

"கொட்டினா திரும்பி வரப்போறாளா? நீங்க உப்பில்லாம வெச்சு, பஸ்ஸுல அலைஞ்சு கொண்டாந்தீங்க."

அவன் அழுதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதான். பிறகு, தெரிந்திருந்தும் ஏன் தினம் தினம் புள்ளிக்காரியைப் பற்றிக் கேட்டாய் என்றான்.

"கேக்காம இருந்தா முட்டையை நீங்க தூக்கிப் போட்டிருப்பீங்க. எனக்கு அப்புறம் வீட்டுல ஏதாவது சத்தம் வேணாமா?"

அவள் முட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "என் கை ஜில்லுனு இருக்கு. நீங்க வெச்சுக்கோங்க," என்றாள். அதற்குமேல் அன்றைக்கு அவள் பேசவில்லை. நேரம் முடிந்து நர்ஸ் வந்து சொல்லும்வரை ஒரு கையில் முட்டையையும் ஒரு கையில் அவள் விரலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் பத்து மணிக்கு அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து வந்தவர்களும் போனபின், மூன்றாம் நாள் அவன் ரயில்வே கேட்டுக்குப் போனான். நாலு குஞ்சு பொரித்திருந்தது. மனைவி போனதற்கு மறுநாள், இருபத்துமூன்றாம் நாள். நாலு முட்டை குளிர்ந்த அன்றைக்கே போயிருக்க வேண்டும் என்றாள் கேட்காரர் மனைவி. மிச்சம் ஒன்று, அவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அன்றிரவே திரும்பக் கொண்டுவந்து வைத்தது. அதை அவள் உடைத்துப் பார்த்திருந்தாள். குஞ்சு முழுசாக வளர்ந்து, தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு, ஓட்டில் ஒரு கீறல்கூட விழாமல் இறந்திருந்தது. நான் சொன்னேனே தம்பி என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நாலில் ஒன்று சாம்பல் நிறம். அந்த நாலையும் எடுத்துக்கொண்டு போ, இப்போது உன் கையில் கொடுக்கிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்றான். அவள் வற்புறுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளே ஒரு கூடையில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். இப்போது வீட்டில் சத்தம் இருக்கிறது. மனைவி கேட்டது அதுதான். அவன் வீட்டுக்கு வருவதே இருட்டிய பிறகுதான் என்பது வேறு விஷயம்.

கடைக்கு அவன் போகாமல் இருக்கவில்லை. வேறு தொழில் தெரியாது. இப்போதும் எண்பது கோழி, ஞாயிற்றுக்கிழமை இருநூறு. உட்கார்ந்த கோழியைத்தான் முதலில் எடுக்கிறான். ஆனால் கூண்டிலிருந்து எடுத்ததும் கத்திக்குப் போவதில்லை. ஒரு கையால் கால்களைப் பிடித்துக்கொண்டு, மறு கையை இறகுக்கு அடியில் விட்டு, நெஞ்சை ஒரு தரம் தடவிப் பார்க்கிறான். கடைக்கு வருவதெல்லாம் பண்ணைக் கோழி, அடையே கிடக்காத இனம். அது அவனுக்கும் தெரியும். கறி பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று வாடிக்கைக்காரர்கள் நினைத்துக்கொண்டு, நல்லதாப் பார்த்து எடுங்க என்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு அறுக்கிறான்.